காலியாகப் போனால் உதைக்கும்

மேட்ரனம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் பின்னால் திரும்பிப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பொறுப்பான மனுஷி, பின்கதவைக்கூட விடாமல் பார்க்கிறாரே என்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. ஒரு வாரம் போன பிறகுதான் புரிந்தது. அவர் பார்ப்பது கதவை இல்லை, காலி சீட்டை.

"இத்தனை இடத்தை வெச்சுக்கிட்டு ரெண்டே பேரு போறோம். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்பார்.

பார்க்கிறவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், மைசூரில் காலி வண்டி ஆயிரம் போகிறது என்று எனக்குத் தோன்றும். சொல்ல மாட்டேன். அதற்குள் தெருமுனை வந்திருக்கும். அங்கே கீரைக்காரம்மா கூடையோடு நின்றிருப்பார்.

"நிறுத்துப்பா, ஒரு அட்மிஷன்."

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஏற்றிக்கொள்வதை அட்மிஷன் என்பார், இறக்கிவிடுவதை டிஸ்சார்ஜ் என்பார். "வார்டுல ஒரு பெட்டு காலியா இருந்தாக்கூட எனக்கு அன்னைக்கு சோறு இறங்காது" என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். நோயாளி இல்லை என்றால் சந்தோஷம்தானே படவேண்டும் என்று கேட்டேன். "நோயாளி இல்லாம இருப்பாங்களா? வெளிய எங்கயோ நிக்கறாங்கன்னு அர்த்தம்" என்றார்.

அவருக்குப் பேர் உண்டு. ஆனால் எங்கள் தெருவில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் இங்கேயும் மேட்ரனம்மாதான்.

வண்டி அவருடைய வீட்டுக்காரர் வாங்கி வைத்துவிட்டுப் போனது. பழைய உயரமான வண்டி. முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள். சின்ன உடம்புக்காரர்களாக இருந்தால் சட்டப்படி எத்தனை பேரோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உட்காரலாம். மேட்ரனம்மா எல்லோரையும் சின்ன உடம்புக்காரர்களாகவே பார்த்தார்.

நான் ராமாபுரத்துக்காரன். எட்டாவதோடு நின்று, லாரிக்கு கிளீனராகப் போய், ஸ்டீயரிங் பிடித்து, கடைசியில் மைசூருக்கு வந்து அவரிடம் டிரைவரானேன். வண்டியில் எந்தச் சத்தம் வந்தாலும் அது என் வயிற்றில் வந்த மாதிரி இருக்கும். பிரேக் போடும்போது 'கிரீச்' என்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம். இப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு முதலாளியம்மா.

வாரத்தில் நாலு நாள் டி.நரசிபுரம் ரோட்டில் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவார். சம்பளம் கிடையாது. பிரஷர் பார்ப்பார், மாத்திரை பிரித்து டப்பாவில் போடுவார், சண்டை போட்டுக்கொள்கிற கிழவர்களை வேறு வேறு ரூமுக்கு மாற்றுவார். முட்டி தேய்ந்துபோனதால் அவரால் பஸ் படி ஏற முடியாது. வண்டி இருந்தால்தான் வெளியே. வண்டி இல்லாவிட்டால் மாடி வீட்டு ஜன்னல்தான்.

போகும் வழியெல்லாம் அட்மிஷன். கீரைக்காரம்மா, கார்மெண்ட்ஸுக்குப் போகிற செல்வி, சர்ச் பேண்டில் பெரிய பித்தளைக் குழல் ஊதுகிற பேண்டுக்காரர். அவர் குழலையும் ஒரு ஆள் கணக்கில்தான் வைக்கவேண்டும். உட்கார வைத்தால் நம்மைவிட உயரமாக இருக்கும். இந்த மூன்று பேரும் தினப்படி. இவர்களுக்கு மேல் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற யாராவது. கண்ணாடியை இறக்கி "ஹத்தி, ஹத்தி" என்பார் கன்னடத்தில். ஏறு, ஏறு என்று அர்த்தம். எங்கே போகிறீர்கள் என்று அதற்கப்புறம்தான் கேட்பார். ஒரு முறை அப்படி ஏறினவர் நாங்கள் வந்த திசைக்கே திரும்பிப் போகவேண்டியவர். பாவம், அம்மா கூப்பிட்ட வேகத்தில் ஏறிவிட்டார். பாதி தூரம் வரைக்கும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யார் எங்கே உட்காரவேண்டும் என்பதும் அம்மா சொல்வதுதான். இருமுகிறவர் ஜன்னலோரம். முட்டி வலிக்காரர் கதவோரம். தனக்கு நேர் பின்னால் பேச்சுத்துணைக்குக் கொஞ்சம் கனமானவர். ஒல்லியானவர்கள் பேச்சில் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள் என்பார். அம்மா உட்காருவது இடது பக்கம். அதனால் வண்டியில் கனமெல்லாம் இடது பக்கமே சேர்ந்தது.

விளைவு என்ன ஆகும்? பின்பக்கம் உட்கார்ந்துகொண்டது. அதிலும் இடது பக்கம் நன்றாகவே உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் டயருக்குப் பின்னால் தொங்குகிற ரப்பர் ரோட்டைப் பெருக்கிக்கொண்டு போகும். முன்பக்கம் தூக்கிக்கொண்டதால் ஹெட்லைட் ரோட்டைப் பார்க்காமல் மரக்கிளையைப் பார்த்தது. சாயங்காலம் எதிரே வருகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் எனக்கு லைட் அடித்துத் திட்டினார்கள்.

"உன்னைத் தெரிஞ்சவங்க நிறையப் பேரு இருக்காங்கப்பா" என்றார் அம்மா.

அம்மாவுக்கு ஒரே மகன். புனேயில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவார். அம்மாவுக்கு முதுகில் தட்டு விலகியிருக்கிறது, குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் வண்டியைப் பற்றித்தான் பேசினார்.

"மம்மி, அந்த வண்டி பின்னாடி தொங்குதுன்னு பக்கத்து வீட்டு அங்கிள் சொல்றாரு. வித்துடலாம். வேணும்னா டாக்சி புக் பண்ணிக்கோ."

"டாக்சிக்காரன் நான் சொன்ன இடத்துலல்லாம் நிறுத்துவானா?"

"நிறுத்த வேண்டாம்னுதான் சொல்றேன். வண்டியைக் காட்டு பாப்போம்."

வண்டியைக் காட்டுவதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தார். அம்மா வீட்டு வாசலில் சாக்கடை மேல் போட்ட கல் பலகை ரோட்டைவிட உயரம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டியை ரிவர்ஸில் எடுத்து, பின் டயர் இரண்டையும் அந்தக் கல் மேல் ஏற்றி நிறுத்தச் சொல்வார். போனில் பார்த்தால் வண்டி சமமாக இருக்கும். நான் பக்கத்தில் நிற்கவேண்டும். கல் உடைந்தால் வண்டி சாக்கடைக்குள் போகும், அதை அவர் மகன் நேரலையில் பார்ப்பார் என்ற பயத்தில் எனக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும். "டிரைவருக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்று ஒரு நாள் மகன் கேட்டார். "வெயில்" என்றார் அம்மா. அப்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் மகனே வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வந்து தானே ஓட்டிப் பார்ப்பாராம். சரியில்லை என்றால் அந்த வாரமே விற்றுவிடுவாராம். கல் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓட்ட முடியாது. அம்மா அன்றைக்குத்தான் என்னிடம், "ஏப்பா, இதுக்கு வைத்தியம் எங்க பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

நஞ்சன்கூடு ரோட்டில் லாரிப் பட்டை, அதாவது பாரம் தாங்க அடியில் வைக்கிற வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டை, வேலை செய்கிற ஒருவர் இருந்தார். சங்ககிரிப் பக்கத்துக்காரர். லாரியைத் தவிர வேறு எதையும் அவர் வண்டி என்று ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, கீழே படுத்துப் பார்த்துவிட்டு, படுத்தபடியே கேட்டார்.

"எத்தன பேருங்க ஏறுவீங்க?"

"ஏழு பேருங்க" என்றேன் நான்.

"ஏழு பேரு ஏறி இப்பிடி ஆகாதுங்க. பட்டை வளைவே போயி நேரா நிக்குது. இந்தப் பக்கம் உள்ளார ஒண்ணு ஒடஞ்சும் போச்சு. மேல இடிக்கற ரப்பர் கட்டை பாதி தேஞ்சிருக்குது பாருங்க. செங்கல்லு ஏத்துனீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"அவனை விடுங்க, பயந்தவன். பேஷண்ட் பொய் சொன்னா மருந்து தப்பாப் போயிடும். நான் சொல்றேன் கேளுங்க."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழு விவரமும் சொன்னார். தினப்படி ஆட்கள், திடீர் ஆட்கள், முதியோர் இல்லத்துக்குப் போகிற அரிசி மூட்டை, திரும்பி வரும்போது அங்கிருந்து தேங்காய், பித்தளைக் குழல், ஒரு தடவை யாரோ வீடு கட்டுகிறவர்களின் கதவு நிலை, ஒரு தடவை கன்றுக்குட்டி. கன்றுக்குட்டியை நானே மறந்திருந்தேன். பட்டைக்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். எல்லாம் முடிந்ததும் மரியாதையோடு தலையை ஆட்டினார்.

"அம்மா, இத மொதல்லயே சொல்லியிருக்கோணும். இது காரு இல்லீங்க. லாரிங்க."

அப்புறம் லாரிக்குச் செய்கிற மாதிரியே செய்தார். இரண்டு பக்கமும் பட்டைக் கட்டைக் கழற்றி, ஒவ்வொரு பட்டையாகப் பிரித்து, நிமிர்ந்துபோனதை எல்லாம் அடித்து அடித்து வளைவு ஏற்றினார். உடைந்ததற்குப் புதுசு போட்டார். அதற்கும் மேலாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தடிமனான பட்டையை வெட்டி நடுவில் கூடுதலாக வைத்துக் கட்டினார். போல்ட், புஷ் எல்லாம் மாற்றினார். ஜாக்கியை இறக்கினார். ஜாக்கி இறங்கியது, வண்டி இறங்கவில்லை. பின்பக்கம் அப்படியே மேலே நின்றது. முன்பக்கம் ரோட்டை முகர்ந்து பார்க்கிற மாதிரி குனிந்திருந்தது.

"ரொம்பத் தூக்கிடுச்சுங்களேண்ணா" என்றேன்.

"லோடு ஏறுனா சமமாயிருமுங்க. ஒண்ணே ஒண்ணு. காலியாப் போனா உதைக்கும்."

"எவ்வளவு உதைக்கும்?"

"உதைக்குமுங்க."

அம்மா முகத்தைப் பார்த்தேன். ரிசல்ட் பாஸ் என்று வந்த பிள்ளை மாதிரி இருந்தது.

"கேட்டியாப்பா? லோடு ஏத்தித்தான் ஆகணுமாம். எழுதிக் கொடுத்துட்டாரு."

அவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கூடுதல் பட்டையை எடுத்துவிடலாமா என்று நான் பட்டைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எடுத்துரலாமுங்க. அந்தம்மா ஆளுங்கள எறக்கி உடுவாங்களான்னு கேளுங்க மொதல்ல" என்றார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது நாங்கள் இரண்டே பேர். ஒரு சின்னப் பள்ளத்தில் வண்டி உதைத்த உதையில் என் தொப்பி பின் பெஞ்சுக்குப் போய்விட்டது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுப்பா, சீக்கிரம் யாரையாவது பாரு" என்றார். இத்தனை நாள் ஆசைக்கு ஏற்றியவர், இனி வைத்தியத்துக்கு ஏற்றினார். உதையை வைத்தே கணக்குச் சொல்லவும் பழகிக்கொண்டார். "இன்னும் ரெண்டு பேரு குறையுது" என்பார். நிறுத்தி இரண்டு பேரை ஏற்றினால், நிஜமாகவே வண்டி மெத்தென்று போகும்.

போலீஸ் நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அதனால் நானே ஒரு யோசனை செய்து, இரண்டு மூட்டை மணலைக் கட்டிப் பின்னால் போட்டு வைத்தேன். அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அது என்ன?"

"கனத்துக்கும்மா. ஆளே வேண்டாம் பாருங்க, உதைக்காது."

"பேசுமா?"

மறுநாள் அந்த மணல் எதிர்வீட்டில் பூச்சு வேலைக்குப் போய்விட்டது. கொண்டுபோய்க் கொடுத்ததும் எங்கள் வண்டியில்தான், பூச்சு வேலைக்காரரோடு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடந்து ரொம்ப நாள் கழித்து, அம்மா காலமானபோது, சவப்பெட்டி வண்டியில் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நீள பெஞ்சு இருந்தது. சொந்தக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்தார்கள். பாக்கி இடத்தைத் தெருக்காரர்கள் பார்த்தார்கள். கீரைக்காரம்மா முதலில் ஏறினார். அப்புறம் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டே இருந்தார்கள். அந்த வண்டி டிரைவர் இறங்கி வந்து, இத்தனை பேர் கூடாது, இது பஸ் இல்லை என்று சத்தம் போட்டார். யாரும் இறங்கவில்லை. எல்லோரும் அவரவர் சௌகரியமாக நகர்ந்து, அவருக்கும் கொஞ்சம் இடம் காட்டினார்கள். பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும். நானும் ஏறியிருந்தேன்.

சொன்னபடி மகன் வந்தார். நல்ல மனுஷர்தான், என் வயசுதான் இருக்கும். வந்த அன்றே அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "நான் இங்க இருக்கற வரைக்கும், நான் சொல்லாம ஒருத்தரையும் ஏத்தக்கூடாது, மம்மி." அம்மா பைபிள் மேலேயே கை வைத்துச் சொன்னார். அவர் சத்தியம் செய்தால் செய்ததுதான்.

வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்த்தார். தெருமுனை தாண்டுவதற்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. திரும்பி வந்து இறங்கினதும், "இதுல உட்கார்ந்தா நல்ல முதுகே போயிடும். வித்துடலாம்" என்றார். அம்மா மாடிக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் சொல்லாத மேட்ரனம்மாவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.  என் வேலை போகும் என்பது ஒரு பக்கம். அந்த ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும்.

முதலில் வாங்க வந்தவர் ஒரு ரவுண்டு போய்விட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்கினார். "உரல்ல போட்டு இடிச்ச மாதிரி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். அவர் வந்த ஸ்கூட்டரை மறந்துவிட்டுப் போய், பிறகு வந்து எடுத்துக்கொண்டார்.

மகன் என்னிடம் வந்தார். "ஏன் இப்படி உதைக்குது?"

"லோடு ஏறினா சரியாயிடும் சார். எட்டுப் பத்துப் பேர் இருந்தா பூ மாதிரி போகும்."

 அவர் மாடி ஏறிப் போய் அம்மாவிடம் கேட்டதை நான் படிக்கட்டில் நின்று கேட்டேன்.

"மம்மி, நாளைக்கு காலையில இன்னொருத்தர் பாக்க வர்றாரு. உன் ஆளுங்களை வரச்சொல்லேன். ஒரு ரவுண்டுதான்."

"ஏத்த வேண்டாம்னியே ராஜா?"

"இது டிரையலுக்கு. வண்டி நல்லாப் போகுதுன்னு தெரியணும்ல?"

 "சரி, வரச்சொல்றேன்" என்றார் அம்மா. தன் வண்டியை விற்பதற்குத் தன் ஆட்களையே கூப்பிடவேண்டும்.  அவர் போனை எடுத்து ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னார். "நாளையிலேர்ந்து வண்டியை வேற ஒருத்தர் எடுத்துக்கப் போறாரு. காலையில எல்லாரும் வந்துடுங்க."

வந்தார்கள். வேலை நாள் என்பதால் அவரவர் சாமானோடு வந்தார்கள். செல்வி சாப்பாட்டுப் பையோடு, பேண்டுக்காரர் குழலோடு, பஸ் ஸ்டாப்பில் அவ்வப்போது ஏறுகிறவர்கள்கூடக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். கீரைக்காரம்மா புதுப்புடவை கட்டியிருந்தார். ஏறினார்கள். வண்டியின் பின்பக்கம் மெதுவாக இறங்கி, சரியாகச் சமத்துக்கு வந்து நின்றது. பட்டைக்காரர் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

வாங்க வந்தவர் ஹுணசூர்க்காரர், அங்கே தோட்டம் வைத்திருந்தார். அவரே ஓட்டினார். பக்கத்தில் அம்மா. பின்னால் மகன், மற்றவர்கள். நான் கடைசி பெஞ்சில், மடியில் குழல். முதல் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியது தெரியவே இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். டி.நரசிபுரம் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தார். ஒரு சத்தம் கிடையாது.

"வண்டி சூப்பராப் போகுது சார்" என்றார் மகனிடம். "பேசி முடிச்சுக்கலாம்."

அப்போது கீரைக்காரம்மா முன்னால் எட்டி அவருடைய தோளைத் தட்டினார்.

"அண்ணா, காலையில எத்தனை மணிக்கு எடுப்பீங்க?"

"எதை?"

"வண்டியைத்தான். அம்மா ஆறரைக்கெல்லாம் எடுத்துடுவாங்க. அதுக்கு மேல ஆனா கீரை வாடிடும்."

அவர் கண்ணாடியில் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"நாங்க இந்த வண்டி ஆளுங்க."

பேண்டுக்காரர் குழலுக்கு மேலாகத் தலையை நீட்டினார். "ஞாயித்துக்கிழமை மட்டும் சர்ச் வாசல்லயே நிறுத்திடுங்க சார். மழையில நனைஞ்சா இது சளி பிடிச்ச மாதிரி ஊதும்."

"எனக்கு அடுத்த வாரம் மத்தியான ஷிப்டுண்ணா" என்றாள் செல்வி. "வேலை முடிஞ்சு கம்பெனி வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பேன்."

ஹுணசூர்க்காரர் வேகத்தைக் குறைத்தார். "சார், இவங்கல்லாம் டிரையலுக்கு வந்தவங்கன்னீங்களே?"

"ஆமா, டிரையலுக்குத்தான்" என்றார் மகன். 

"டிரையலா?" கீரைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து வர்றேன். இப்ப பேரனே ஸ்கூலுக்குப் போறான். அண்ணனுக்கு எந்த ஊரு?"

"ஹுணசூர்."

"அங்கேர்ந்து வரணுமா? அப்ப நீங்க கொஞ்சம் சீக்கிரமே எந்திரிக்கணும்."

ஹுணசூர் மைசூருக்கு அந்தப் பக்கம், நாங்கள் போய்க்கொண்டிருந்தது இந்தப் பக்கம். அந்த மனுஷர் தினமும் விடியும் முன்னே ஊர் விட்டு ஊர் வந்து கீரை ஏற்றுவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். முகம் அப்படி ஆகியிருந்தது. அம்மா பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இதெல்லாம்?"

அம்மா அதுவரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், அவங்களுக்குத் தெரியாது. நீங்க ஓட்டுங்க, நான் சொல்லிக்கறேன்" என்றார். முதுகு வலியோடு மெதுவாகப் பின்னால் திரும்பினார். "இவரு உங்களை ஏத்த மாட்டாருப்பா. வண்டியை மட்டும்தான் எடுத்துக்கறாரு."

 செல்வி சாப்பாட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பேண்டுக்காரர் குழலின் வாயைத் துடைத்தார். கீரைக்காரம்மாவுக்கு மட்டும் புரியவில்லை.

"நாங்க இல்லாமலா?" என்றார். பிறகு ஹுணசூர்க்காரரிடம் தணிந்த குரலில், கூடப் பிறந்தவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "வேண்டாம்ணா. காலியாப் போனா உதைக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வண்டி ஓரமாக நின்றது. ஹுணசூர்க்காரர் சாவியை டேஷ்போர்டு மேல் வைத்தார். யோசித்துப் போன் பண்ணுகிறேன் என்றார். புரோக்கர் மூலமாக வந்தவரிடம் எங்களில் யாருடைய நம்பரும் இல்லை என்பது அவர் ஆட்டோவில் ஏறிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

மகன் வந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. நான் ஓட்டுகிறேன் சார் என்றேன். "நீங்க உட்காருங்க" என்றார். பாதி வழியில் இத்தனை பேரை விட்டுவிட்டுப் போக முடியாது. எல்லோருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. அவரே ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விட்டார். லெப்ட்ல போங்க தம்பி, அந்த வேப்பமரத்துக்கிட்ட, இன்னும் கொஞ்சம் முன்னாடி என்று எல்லோரும் வழி சொன்னார்கள். இறங்கினவர்கள் எல்லோரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். கீரைக்காரம்மா ஒரு கட்டு தண்டுக்கீரையை முன் ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டுவிட்டு, "நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். அவர் கியர் போட்டார்.

இரண்டு பேர் இறங்கியதும் வண்டி லேசாகக் குதித்தது. செல்வி இறங்கியதும் இன்னும் கொஞ்சம். பேண்டுக்காரர் என் மடியிலிருந்து குழலை வாங்கிக்கொண்டு இறங்கினதும் நாங்கள் மூன்று பேர்தான். அடுத்த பள்ளத்தில் உதைத்தது. அம்மா ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தார். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்கள் வண்டியைத் தெரிந்தவர்கள்தான், கை காட்டினார்கள். சத்தியம் செய்தவர் ஆயிற்றே, அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி தாண்டிப் போனது.

அடுத்து ஒரு ஸ்பீடு பிரேக்கர். மகன் ஊர்ந்துதான் ஏற்றினார், ஆனாலும் உதைத்தது.  கைப்பிடியில் இருந்த அம்மாவின் விரல்கள் வெளுத்தன. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, மெதுவாக விட்டார். மகன் ரோட்டைப் பார்க்கவில்லை. அந்த விரல்களைப் பார்த்தார். ரோட்டைப் பாருங்கள் சார் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

அவர் இண்டிகேட்டர் போட்டார். ஒரு சிமெண்ட் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். அங்கே நல்ல கனமான ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மகன் அம்மாவின் மேலாகக் குனிந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"எங்க போகணும்?" என்று கேட்டார்.

அந்த ஆள் எங்களைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "எங்கயும் போகலை சார். சும்மா நிக்கறேன்."

"பரவாயில்லை," என்றார் மகன். "ஏறுங்க."